தலைப்பாகைக்காரருக்குப் புளி போட்ட ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் செல்வி போன் செய்தாள். பல்கலைக்கழகத்தில் நான் பார்த்த துப்புரவு மேற்பார்வையாளர் வேலையை இப்போது பார்ப்பவள் அவள்தான்.

"யக்கா, புதுசா காண்ட்ராக்ட் எடுத்தவுக என்னமோ மெசினு கொண்டாந்துருக்காக. நம்ம தலைப்பாகைக்காரர் மேல தண்ணியப் பீச்சி அடிச்சுக் கழுவப் போறாகளாம். விடவா, வேணாமா?"

"மெசினு மேல ஏறி உக்காந்துக்க. நான் வந்துக்கிட்டே இருக்கேன்" என்றேன்.

ஒத்தக்கடையில் பஸ் ஏறி, அங்கே போய் இறங்கி, முற்றத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அவள் உண்மையிலேயே மெஷின் மேல் உட்கார்ந்திருந்தாள். காண்ட்ராக்ட் ஆட்களை மரத்தடி நிழலில் உட்கார வைத்து, அந்தச் சிலைக்கும் எனக்கும் நடந்ததைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்து மெஷினை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். "யக்கா, இத அப்படியே எழுதிக் குடுங்க, நம்ம தொழிலாளர் சங்கத்து மலர்ல போடுவோம்" என்று செல்வி பிடித்துக்கொண்டாள். எனக்கும் எழுத ஆசைதான். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் பஸ்ஸில் தனியாகச் சிரித்து, பக்கத்து சீட்டுக்காரரைப் பயமுறுத்துகிறேன்.

முதலில் தலைப்பாகைக்காரர் யார் என்று சொல்லிவிடுகிறேன். பழைய கட்டடத்தின் நடு முற்றத்தில் நிற்கும் வெண்கலச் சிலை அவர். இது சின்னக் கல்லூரியாக இருந்த வெள்ளைக்காரன் காலத்தில் நிலம் கொடுத்தவர். சிலையைக் கப்பலில் வரவழைத்து, ஸ்டேஷனிலிருந்து இரட்டை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்களாம். நீளக் கோட்டு, தலைப்பாகை, இடது கையில் புத்தகம், நல்ல கருப்பட்டி நிறம். வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டிருப்பார். அறிவை வழங்குகிறார் என்று பீடத்தில் எழுதியிருக்கிறது. ஹால் டிக்கெட் கேட்கிறார் என்பது மாணவர்கள் கட்சி. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அவருடைய வலது ஷூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். தலைமுறை தலைமுறையாகத் தொட்டுத் தொட்டு, அந்த ஷூவின் நுனி மட்டும் தங்கமாக மின்னும். இந்த ஷூதான் என்னைக் கெடுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

என்னுடைய பயிற்சிக் காலம் பெரிய கதை ஒன்றும் இல்லை. அப்பாவும் அம்மாவும் மேலூர் ரோட்டுப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். நான் பத்தாவது படித்தேன். பதினோரு வருஷம் பல்கலைக்கழகத்தில் தினக்கூலியாகக் கூட்டினேன். காற்று வரும் திசையைப் பார்த்துக் கூட்ட வேண்டும், பினாயிலை மூடியால் அளக்க வேண்டும், பேராசிரியர் இருவர் சண்டை போடும்போது அந்த வராண்டாவைக் கடைசியில் கூட்ட வேண்டும், இவ்வளவுதான் கற்றேன். பன்னிரண்டாம் வருஷம் ஆணை வந்தது. ஒரு வருஷம் தகுதிகாண் பருவம். அதில் ஒரு குறையும் இல்லாமல் முடித்தால் வேலை நிரந்தரம். முடிக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாருக்கும் 'நிரந்தரம்' என்று ஒன்று இருந்ததில்லை. மழை பெய்தால் வேலை, பெய்யாவிட்டால் இல்லை. அதனால் அந்த வருஷம் முழுக்க நான் தும்மினால்கூட நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் தும்மினேன்.

எங்கள் பராமரிப்புப் பிரிவுக்கு அலுவலர் நல்லதம்பி சார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, டிவிஎஸ் பிப்டி வண்டி. வேலை பார்த்த காலத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதைதான் ஏறும். 'ராக்கம்மா' என்றால் சாதாரண நாள். 'ராக்கம்மாள்' என்று ஒரு 'ள்' கூடினால் ஏதோ தப்பு. 'ராக்கம்மாள் அவர்களே' என்றால் ஓடி ஒளிய வேண்டியதுதான். தண்ணீர்த் தொட்டியை நிரம்பி வழிய விட்ட பிளம்பரை ஒரு தடவை 'மதிப்பிற்குரிய ஐயா அவர்களே' என்று கூப்பிட்டார். அந்த ஆளுக்கு மூன்று நாள் காய்ச்சல். மனசு நிறைந்துபோனால் மட்டும் 'ஏத்தா' என்று வாயில் வரும். அந்த 'ஏத்தா' மொத்தப் பிரிவிலும் நாலைந்து பேருக்குத்தான் கிடைத்திருந்தது. வாங்கியவர்கள் அதைப் பற்றி ஒரு மாசம் பேசுவார்கள்.

இன்னொன்று, கோப்பில் ஓர் ஆங்கில வார்த்தைகூட வர விடமாட்டார். 'தூசி உறிஞ்சியைக் கொண்டு இருக்கைகளைச் சுத்தம் செய்க' என்று ஆணை வந்தால், தூசி உறிஞ்சி என்பது ஆளா, மிருகமா என்று நாங்கள் ஸ்டோர் ரூமில் கூட்டம் போட்டுப் பேசுவோம். அவர் எழுதுவதைக் கம்ப்யூட்டரில் அடிப்பவள் ரெஜினா. தங்கமான பெண். விரல்தான் அவள் பேச்சைக் கேட்காது. 'கழிவறைகளைத் தினமும் இருமுறை பினாயில் ஊற்றிக் கழுவ வேண்டும்' என்று சார் எழுதியதை, 'கருவறைகளை' என்று அடித்து எல்லாத் துறைக்கும் அனுப்பிவிட்டாள். வரலாற்றுத் துறையிலிருந்து ஒரு பேராசிரியர் நேரில் வந்து எந்தக் கோயில் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் முற்றத்தின் பொறுப்பு எனக்கு வந்தது. சென்னையிலிருந்து சிலைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஜானகி மேடம் என்பவர், சிலையைப் பார்த்து ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சார் அதைத் தமிழாக்கி ஆணையாக என் கையில் கொடுத்தார். பறவை எச்சத்தைச் சுரண்டக் கூடாது. ஈரத் துணியை ஒற்றி ஊறவைத்து எடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை மெல்லிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தூசி தட்ட வேண்டும். மாலையைக் கம்பியில் கட்டக் கூடாது, நூலில்தான் கட்ட வேண்டும், அன்று மாலையே கழற்ற வேண்டும். எல்லாம் புரிந்தது. கடைசி வரி இது: 'சிலையின் மீதுள்ள களிம்பு எக்காரணம் கொண்டும் அகற்றப்படாமல் பார்த்துக்கொள்ளப்பட வேண்டும்.'

நான் மூன்று தடவை படித்தேன். களிம்பை அகற்றாமல் பார்த்துக்கொள்வதா? குத்துவிளக்கில் பச்சையும் கறுப்புமாக ஏறுமே, அதுதானே களிம்பு? அதை வைத்துக்கொண்டு எவளாவது கார்த்திகைக்கு விளக்கேற்றுவாளா? மாமியார் உயிரோடு விடுவாரா? களிம்பு என்ற ஒன்று இருப்பதே தேய்த்து எடுப்பதற்குத்தான். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது. 'அகற்றப்பட்டு' என்று சார் எழுதியிருப்பார், ரெஜினா 'அகற்றப்படாமல்' என்று அடித்துவிட்டாள்! கழிவறையைக் கருவறை ஆக்கியவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா? சந்தேகம் வந்தபோது ஷூவைப் போய்ப் பார்த்தேன். நுனி தங்கமாக மின்னியது. இவர் நிஜ நிறம் அதுதான், மிச்சமெல்லாம் எத்தனையோ வருஷத்து அழுக்கு, பாவம் மனுஷன், என்று முடிவு கட்டினேன்.

ரெஜினாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் மனசு சங்கடப்படும் என்று விட்டுவிட்டேன். இவ்வளவு நல்ல மனசு மனுஷருக்கு இருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை நிறுவனர் நாள் விழா. அந்த மாசக் கடைசியில் என் தகுதிகாண் பருவம் முடிகிறது. விழாவன்று சார் முற்றத்துக்கு வருவார், தலைப்பாகைக்காரர் தகதகவென்று நிற்பார், சார் வாயிலிருந்து ஒரு 'ஏத்தா' விழும், கையெழுத்தும் விழும். கணக்கு சரியாக இருந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை, கேம்பஸே காலியாகக் கிடந்தபோது, ஒரு கிலோ கொட்டை எடுத்த புளி, ஒரு வாளித் தண்ணீர், செங்கல் பொடி, தேங்காய் நார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஏணி போட்டு ஏறினேன்.

விளக்கை மேலிருந்துதானே தேய்ப்போம். தலைப்பாகைக்குக் கை எட்டவில்லை; முகத்தில் ஆரம்பித்தேன். முதல் சுற்று வெறும் புளியைக் கையால் அப்பி ஊறவைத்தேன். செங்கல் பொடி இரண்டாம் சுற்றுக்கு. சிறிது நேரத்தில் தண்ணீர் ஊற்றினேன். ஆத்தாடி! இடது கன்னம், பாதி மூக்கு, வாயின் ஓரம் எல்லாம் ரோஜாவும் தங்கமும் கலந்த நிறத்தில் பளீரென்று திறந்துகொண்டது. உதட்டு ஓரத்தில் வெளிச்சம் பட்டதும், எத்தனையோ காலமாக முறைத்துக்கொண்டிருந்த மனிதர் பாதி வாயால் சிரித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தலைகால் புரியவில்லை. "எம்புட்டு அழகய்யா நீரு, இத்தன நா எங்கய்யா ஒளிஞ்சிருந்தீரு?" என்று ஏணியில் நின்று அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பாட்டு வேறு பாடினேன். நாரை எடுத்துச் செங்கல் பொடியில் தோய்த்தேன்.

கீழே டிவிஎஸ் பிப்டி வந்து நின்றது.

சார் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மிக மெதுவாகச் சொன்னார்.

"மதிப்பிற்கும் மாண்பிற்கும் உரிய திருமதி ராக்கம்மாள் அம்மையார் அவர்களே. தாங்கள் தயவுகூர்ந்து கீழே எழுந்தருள வேண்டும்."

நார் கையிலிருந்து நழுவி வாளியில் விழுந்தது. பிளம்பருக்கு வெறும் 'மதிப்பு'தான் கிடைத்தது. எனக்கு மாண்பும் சேர்ந்து வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

"சார், களிம்பு..."

"அதைத்தான் அகற்றக் கூடாது என்று தங்களுக்கு எழுத்து மூலம் தெரிவித்திருந்தேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ரெஜினா வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தப்பில்லாமல் அடித்திருக்கிறாள், அது இந்தத் தடவை. பதினோரு வருஷமும் இந்த ஒரு வருஷமும் அந்தப் புளித்தண்ணியில் கரைந்து ஓடுவது கண் முன்னால் தெரிந்தது. அங்கேயே பீடத்தில் உட்கார்ந்து அழுதேன்.

திங்கட்கிழமை காலை முற்றத்தில் திருவிழாக் கூட்டம். கேமரா போன் வந்த புதுசு அது. வைத்திருந்த பையன்களெல்லாம் படம் எடுத்தார்கள். "டேய் மாப்ள, தலைவருக்குப் பேசியல் பண்ணிருக்காய்ங்கடா!" என்று ஒருவன் கத்தினான். "பேசியல் இல்லடா, நலுங்கு வச்சிருக்காய்ங்க. மாப்பிள்ள ரெடி, பொண்ணு எங்க?" என்றான் இன்னொருவன். மதியத்துக்குள் அவருக்குப் 'பாதி மாப்ள' என்று பெயர் விழுந்துவிட்டது. நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வேலை போகப் போகிறது என்று தெரியும், ஆனாலும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

பதிவாளர் சிரிக்கவில்லை. புதிதாக வந்தவர், கண்டிப்பானவர். "தகுதிகாண் பருவத்துல இருக்குற ஆள்தானே? முடிச்சு அனுப்பிருங்க. எதுக்கும் ஒரு விளக்கம் மட்டும் எழுதி வாங்கிக்கங்க" என்று சாரிடம் சொல்லிவிட்டார். விளக்கம் கொடுக்க எனக்கு வியாழக்கிழமை வரை கெடு.

சார் அன்றே ஜானகி மேடத்துக்குப் போன் செய்து கூப்பிட்டார். கூடவே ஸ்டோருக்கு ஓர் அவசரக் குறிப்பும் எழுதினார்: 'நிறுவனர் சிலையின் முகத்தில் களிம்பு நீங்கிவிட்டது. மீண்டும் களிம்பு ஏற்றுவதற்குத் தேவையான பொருட்கள் உடன் தேவை.' ஸ்டோர் கிளார்க் அதைப் படித்தார். முகத்துக்குக் களிம்பு என்றால் மருந்துதானே என்று கேம்பஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சாயங்காலம் ஒரு நர்ஸம்மா பன்னிரண்டு டியூப் தீக்காயக் களிம்போடு வந்து நின்றார். "சார், பேஷன்ட் எங்க? மொகத்துலயா காயம்? கண்ணுல படலையே?"

சார் டியூப்பைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், சன்னல் வழியாகச் சிலையைப் பார்த்தார். தோள் லேசாகக் குலுங்கியது. கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. "வைத்துவிட்டுச் செல்லுங்கள் அம்மா" என்றார்.

செவ்வாய்க்கிழமை ஜானகி மேடம் வந்தார். ஏணியில் ஏறி, பூதக்கண்ணாடியைக் கன்னத்தில் வைத்து, விரலால் தடவிப் பார்த்தார்.

"இதைத் தேய்ச்சது யாரு?"

நானே கையைத் தூக்கினேன். என்ன போட்டேன் என்று கேட்டார். புளி மட்டும்தான், செங்கல் பொடி அப்புறம் போடலாம் என்று இருந்தேன், சார் வந்துவிட்டார் என்று சொன்னேன்.

"பொடி பட்டிருந்தா கீறல் விழுந்திருக்கும், இந்த முகம் திரும்பக் கிடைச்சிருக்காது. இதுல ஒரு கீறல்கூட இல்லை. சரி பண்ணிரலாம். நீங்களே கூட நில்லுங்க, உங்க கை பதமான கை."

அன்றும் மறுநாளும் நான் செய்த வேலையை வாழ்க்கையில் மறக்க மாட்டேன். சுத்திகரித்த தண்ணீரால் ஐந்து தடவை கழுவினோம்; புளிப்பு ஒரு துளி மிஞ்சினாலும் உள்ளே அரித்துக்கொண்டே இருக்குமாம். பஞ்சால் ஒற்றிக் காயவைத்தோம். மேடம் கேஸ் விளக்கின் நீலச் சுடரைக் கன்னத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார். தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகும் சூடு வந்ததும், "ம்" என்பார். உடனே நான் கந்தகக் கரைசலைப் பிரஷ்ஷில் மெல்லத் தொட்டு வைக்க வேண்டும். கூமுட்டை நாற்றம் முற்றத்தைத் தூக்கியது. மாடியில் இருந்த பொருளாதாரத் துறையினர் வகுப்பையே விட்டுவிட்டார்கள். தங்கம் முதலில் தேன் நிறமானது, அப்புறம் காப்பி, அப்புறம் கருப்பட்டி. கழுவுவோம், சூடாக்குவோம், தொட்டு வைப்போம். கடைசியில் தேன்மெழுகை இளஞ்சூட்டில் தடவி, பருத்தித் துணியால் வட்ட வட்டமாகத் தேய்த்தோம். புதன்கிழமை சாயங்காலம் இறங்கிப் பார்த்தபோது, எது பழையது, எது நாங்கள் ஏற்றியது என்று எனக்கே தெரியவில்லை. மாணவர்கள், "என்னக்கா, மாப்பிள்ளையத் திரும்பப் பெரிசு ஆக்கிட்டீக!" என்று சண்டைக்கு வந்தார்கள்.

"இந்த நிறம் அழுக்கு இல்லம்மா. வெண்கலமும் காத்தும் இத்தனை காலம் சேர்ந்து இருந்து உண்டாக்கினது. இதுதான் உள்ள இருக்கிறதைக் காப்பாத்துது" என்றார் மேடம் கை கழுவிக்கொண்டே.

சிலை தப்பித்தது. நான் தப்பிக்கவில்லை. விளக்கம் பாக்கி இருந்தது.

வீட்டுக்காரர் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். "தெரியாமச் செஞ்சிட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு எழுதிரு புள்ள" என்றார். எழுதிப் பார்த்தேன், கை ஓடவில்லை. நான் தெரியாமல் செய்யவில்லையே, நன்றாகத் தெரிந்துதானே செய்தேன்? உள்ளதை உள்ளபடி எழுதினேன்: 'ஐயா, களிம்பு என்பது அகற்றப்பட வேண்டிய பொருள் என்பதால், அகற்றப்படாமல் என்பதைத் தட்டச்சுப் பிழை எனக் கருதி, பிழையைத் திருத்திப் பணி செய்தேன்.'

வியாழக்கிழமை பதிவாளர் அறை. சார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்றோம். பதிவாளர் என் தாளைச் சத்தமாகப் படித்தார். 'பிழையைத் திருத்திப் பணி செய்தேன்' என்ற இடத்தில் நிறுத்தினார்.

"மேலதிகாரி ஆணையவே திருத்திட்டாங்களாம்! இவங்கள வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று சாரைப் பார்த்தார்.

நல்லதம்பி சார் தொண்டையைச் செருமினார்.

"பிழை இருந்தது உண்மை ஐயா. தட்டச்சில் இல்லை, என் சொல்லில். அறிக்கையில் இருந்த ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியைப் பார்த்துக் களிம்பு என்று எழுதிவிட்டேன். களிம்பைக் கண்டால் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள் என்று யோசிக்கவில்லை. நடவடிக்கை எடுப்பதானால் என் மேல்தான் எடுக்க வேண்டும்."

ஓர் அதிகாரி தன் கையெழுத்துப் போட்ட ஆணையைத் தானே தப்பு என்று சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான். பதிவாளரும் பார்த்திருக்க மாட்டார் போல, நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அப்ப அந்த நிறத்துக்குத் தமிழ்ல என்னதான் எழுதுவீங்க?"

சார் யோசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, நீதான் ரெண்டு நாளா அதத் தொட்டு வேல பாத்த. நீ சொல்லு, என்னன்னு எழுத?"

ஏத்தா! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாய் தானாகப் பேசியது.

"மேனின்னு எழுதுங்க சார். சிலையோட மேனி. மேனின்னு எழுதிட்டா எவளும் நாரைக் கொண்டுக்கிட்டு கிட்ட வரமாட்டா."

பதிவாளர் என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், மறுபடி என் தாளைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். அந்த மனிதர் சிரித்து அது வரை யாரும் பார்த்ததில்லை. "மேனி... பிழையைத் திருத்தி..." என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "போங்க, ரெண்டு பேரும் போங்க" என்று கையை ஆட்டினார். வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை விழா முடிந்தது. சிலைக்குப் போட்ட மாலை நான் நூலில் கட்டியதுதான். கழற்றிக்கொண்டிருந்தபோது ரெஜினா ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். சாரின் புது ஆணை: 'நிறுவனர் சிலையின் மேனியில் எவரும் கை வைக்கக் கூடாது. அதைப் பேணும் பொறுப்பு, இப்பிரிவின் நிரந்தரப் பணியாளர் திருமதி ராக்கம்மாளைச் சாரும்.'

படித்துக்கொண்டே வந்தவள் அந்த ஒரு வார்த்தையில் நின்றுவிட்டேன். "இது..." என்று ரெஜினாவைப் பார்த்தேன். "கையெழுத்தாயிருச்சுக்கா. மாசக் கடைசி வரைக்கும் காக்காம பதிவாளரே போட்டுட்டாரு" என்றாள். கேன்டீன் வாசலில் இருந்த ஒரு ரூபாய் போனுக்கு ஓடினேன். மார்க்கெட்டில் ஒரு கடைக்குப் போட்டு, வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து எடுத்தார். எனக்கு மூச்சும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு நின்றன.

"என்ன புள்ள, அழுகுறியா? வேல போயிருச்சா? போனாப் போகுது விடு, நான் இருக்கேன்."

"சிரிக்கிறேன்யா" என்றேன். "இனிமே அது போகச் சொன்னாலும் போகாது."